மண்டை உடைந்தவன் கணக்கு எங்கே?

செத்தவனை எண்ணுவதற்கு இந்த நாட்டில் ஆள் இருக்கிறது. 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து இலாகா கடைசி ஆள் வரை எண்ணிப் புத்தகம் போட்டது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 17,884. தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போய் மாண்டவர்கள் 50,029 பேர் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. காயம்பட்டவர்கள் 4,43,366 பேராம்.

நல்லது. அந்த நாலு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் பேரில் மண்டையில் அடிபட்டவர்கள் எத்தனை பேர்? ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நினைவோடு இருந்தவர் எத்தனை பேர், நினைவிழந்து கிடந்தவர் எத்தனை பேர்? ஆறு மாதம் கழித்து மறுபடி வேலைக்குப் போனவர் எத்தனை பேர்? மனைவி ஊட்டிவிட வாயைத் திறக்கும் நிலையில் கட்டிலோடு கிடப்பவர் எத்தனை பேர்? புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள், தோழர்களே! விடை கிடைக்காது.

ஏன் கிடைக்காது? அந்தப் புத்தகம் போலீஸ் ஸ்டேஷனில் பிறந்த புத்தகம். போலீஸ்காரருக்குத் தெரிந்தது சட்டத்தின் பாஷை. அந்தப் பாஷையில் காயம் இரண்டே வகை: கொடுங்காயம், லேசான காயம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320-வது பிரிவில் கொடுங்காயம் எது என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அதன்படி எலும்பு முறிந்தாலும் கொடுங்காயம், ஒரு பல் உடைந்தாலும் கொடுங்காயம். அதற்குப் பதிலாக 2024-ல் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதாவிலும் பல் உடைவது அதே பட்டியலில்தான் இருக்கிறது. பல் உடைந்து இரண்டு நாளில் வீட்டுக்குப் போனவரும், மூளைக்குள் ரத்தம் கட்டி மூன்று மாதம் கண் திறக்காமல் கிடந்தவரும் ஒரே கட்டத்தில் ஒரே '1' ஆகிவிடுகிறார்கள். கோர்ட்டுக்கு அது போதும். வைத்தியத்துக்கு அது போதாது. குடும்பத்துக்கு அது எதற்குமே உதவாது.

செத்தவர் கணக்காவது சரியா என்றால், அதிலும் வழக்கு இருக்கிறது. 2016-ம் ஆண்டில் போலீஸ் கணக்கு 1,50,785 சாவு என்றது. அதே ஆண்டுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் போட்ட மதிப்பீடு ஏறத்தாழ 2,99,000! இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பிணங்கள். மதிப்பீடு மிகை என்று டில்லி வாதாடலாம். ஆனால் நாட்டின் ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஒரே மாதிரி எழுதிவைத்த ரிஜிஸ்தர் ஒன்று கையில் இருந்திருந்தால், மதிப்பீட்டுக்கே வேலை இல்லையே. ரிஜிஸ்தரைத் திறந்து காட்டியிருக்கலாமே!

சாரத்திலிருந்து விழுந்தவன்

இதுவரை பேசியது சாலை. சாலையில் அடிபட்டவனுக்காவது ஒரு புத்தகம் உண்டு. நாலாம் மாடிச் சாரத்திலிருந்து தலைகீழாய் விழுந்த கொத்தனாருக்கு? கிரேன் கொக்கி தட்டி விழுந்த துறைமுகத் தொழிலாளிக்கு? தென்னை ஏறியவருக்கு? கிணற்று வேலைக்காரருக்கு? பாக்டரி விபத்துக்கு ஒரு கணக்கு எடுக்கிறார்கள். அது பதிவு செய்யப்பட்ட பாக்டரிகளின் கணக்கு. முதலாளி ஒப்புக்கொண்டு அனுப்பிய கணக்கு. சப்-காண்டிராக்டரின் மேஸ்திரி கூட்டிவந்த ஆள் விழுந்தால், அவன் எந்தப் பட்டியலில் ஏறுவான்?

அவன் ஏறுகிற பட்டியல் ஒன்றே ஒன்றுதான். சர்க்கார் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. 'ஏ.ஆர்.' என்று ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். டூட்டி டாக்டர் அதில் பெயர், வயது, ஊர், கூட்டிவந்தவர் யார், எப்படி அடிபட்டதாகச் சொல்கிறார்கள், என்ன காயம், உடம்பில் உள்ள அடையாள மச்சம் என்று எழுதுகிறார். அந்த ஏ.ஆர். காப்பிதான் பிற்பாடு போலீசுக்கும் கோர்ட்டுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்குக்கும் முதல் சாட்சி.

கூட்டிவந்தவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் மேஸ்திரி. "எப்படி விழுந்தான்?" என்று டாக்டர் கேட்கிறார். "மாடிப்படியில் வழுக்கி விழுந்துட்டான் சார்" என்கிறார் மேஸ்திரி. டாக்டருக்கு எதிரே இன்னும் பத்துப் பேர் ரத்தம் வழிய நிற்கிறார்கள். 'கீழே விழுந்ததாகச் சொல்லப்படுகிறது' என்று ஒரு வரி. முடிந்தது. எந்த இடத்தில், எவ்வளவு உயரத்திலிருந்து, யாருடைய வேலையில், என்ன நேரத்தில் என்று கேட்கும் கட்டங்கள் அச்சிட்டே இருந்தால், அவை காலியாகக் கிடப்பதாவது கண்ணை உறுத்தும். வெறுங்காகிதத்தில் எழுதும்போது விட்டுப்போனது எது என்று யாருக்கும் தெரியாது. தொழிலாளியின் நஷ்டஈடு அந்த ஒரு வரியோடு புதைந்துபோகிறது.

இந்த இடத்தில் படிப்பவர்கள் சிலர், "டாக்டர்கள் பாரம் எப்படி எழுதவேண்டும் என்பதெல்லாம் நமக்கு எதற்கு? அது டாக்டர்கள் சமாசாரம் அல்லவா?" என்று நினைக்கக்கூடும். டாக்டர்கள் சமாசாரம்தான். ஆனால் டாக்டர்கள் அந்தச் சமாசாரத்தை எப்படிச் சரிசெய்தார்கள் என்ற கதை தொழிலாளி ஊரில்தான் தொடங்குகிறது.

கப்பல் கட்டும் ஊரில் பிறந்த கணக்கு

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்று ஒரு நகரம். கிளைட் நதிக்கரையில் கப்பல் கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர். 1971-ல் அந்தப் பட்டறைகளை மூடப்போகிறோம் என்று சர்க்கார் சொன்னபோது, தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. பட்டறைக்குள்ளேயே நின்று வேலை செய்துகாட்டிப் போராடினார்கள். உலகம் முழுதும் பேசப்பட்ட போராட்டம் அது. அந்தப் பட்டறைகள் நின்ற கோவன் பகுதியில்தான் சதர்ன் ஜெனரல் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வேலை பார்த்த பிரயன் ஜென்னட், கிரஹாம் டீஸ்டேல் என்ற இரண்டு மூளை அறுவை வைத்தியர்கள் 1974-ல் ஒரு சின்ன வேலை செய்தார்கள்.

அதுவரை நினைவிழந்த நோயாளியைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு சொல்லை எழுதினார். ஒருவர் 'மயக்கம்' என்றார், இன்னொருவர் 'அரை மயக்கம்' என்றார், மூன்றாமவர் 'ஆழ்ந்த உறக்கம் போல' என்றார். ராத்திரி டூட்டி நர்ஸ் எழுதியதைக் காலையில் வந்த டாக்டர் படித்தால், ஆள் தேறியிருக்கிறானா மோசமாகியிருக்கிறானா என்று சொல்ல முடியாது. இருவரும் மூன்றே மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டார்கள். கண் திறக்கிறானா? பேசுகிறானா? சொன்னபடி கை காலை அசைக்கிறானா? தானாகவே கண் திறந்தால் 4, கூப்பிட்டால் திறந்தால் 3, வலித்தால் மட்டும் திறந்தால் 2, திறக்கவே இல்லையென்றால் 1. பேச்சுக்கு இப்படியே 5 வரை. அசைவுக்கு 6 வரை. முதலில் அது 5 ஆக இருந்தது, சீக்கிரமே ஒன்று கூட்டினார்கள். எல்லாம் சேர்ந்தால் நல்ல நினைவுள்ளவருக்கு 15, ஒன்றுமே இல்லாதவருக்கு 3. எட்டும் அதற்குக் கீழும் வந்தால் கடுமையான மூளைக்காயம்.

இதற்கு என்ன யந்திரம் வேண்டும்? ஒன்றும் வேண்டாம். ஒரு நர்ஸ், ஒரு பென்சில், அரை நிமிஷம். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்க்க ஒரு டார்ச் லைட். நோயாளியின் வயது, கை கால் அசைவின் எண், கண்மணி சுருங்குகிறதா இல்லையா என்ற மூன்றும்தான் பிழைப்பாரா மாட்டாரா என்பதை மிக நன்றாக முன்கூட்டிக் காட்டுகின்றன என்று பிற்பாடு ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை வைத்துக் கண்டார்கள். மூன்றுக்கும் காசு செலவில்லை. ஏழை நாட்டின் தாலுகா ஆஸ்பத்திரியிலும் நடக்கும்.

ஒரே அளவுகோல் வந்ததும் அடுத்த வேலை நடந்தது. 1977-ல் ஸ்காட்லாந்து, ஹாலந்து, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் கடுமையாக மண்டையில் அடிபட்ட 700 பேருடைய கணக்கை ஜென்னட் ஒன்றாக வைத்துப் பார்த்தார். மூன்று நாட்டிலும் வைத்திய முறை வேறு வேறு. ஆனால் எண் ஒன்று, பாரம் ஒன்று. ஆகவே ஒப்பிட முடிந்தது. 1975-லேயே அவரும் பாண்ட் என்பவரும் சேர்ந்து, ஆள் பிழைத்த பிறகு எந்த நிலையில் இருக்கிறான் என்பதற்கும் ஐந்து படிகள் வைத்துவிட்டார்கள்: சாவு, உணர்வற்ற கிடை, பிறர் துணையோடு வாழும் கடும் ஊனம், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் நடு ஊனம், நல்ல தேறுதல். வீட்டுக்கு அனுப்பிய நாளோடு டாக்டரின் கணக்கு முடியவில்லை, ஆறாம் மாதத்தில் ஆள் எப்படி இருக்கிறான் என்பதுதான் கணக்கு என்று ஏற்பட்டது.

நம் நாடு இதில் பின்தங்கித் தொடங்கியதும் அல்ல. 1949-ல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும் 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி.ராமமூர்த்தியும் மூளை அறுவை வைத்தியத் துறைகளைத் தொடங்கிவிட்டார்கள். கத்தி பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் எழுதிவைப்பதில்தான்.

முப்பது ஆண்டு கொடுத்த மருந்து

எழுதிவைக்காததால் உயிர் போகுமா? போகும். போயிற்று. அதற்கு நடந்த சாட்சியம் இருக்கிறது.

மூளையில் அடிபட்டால் வீக்கம் வரும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்ட் ஊசி போடுவது என்று உலகமெங்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வழக்கம் இருந்தது. போட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு போடவில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் நோயாளிகளைத் தன் போக்கில் எழுதிக்கொண்டது. ஐம்பது பேர், நூறு பேர் என்ற சின்னக் கணக்குகளில் மருந்து நல்லதா கெட்டதா என்பது தெரியவே இல்லை. லண்டனில் இயான் ராபர்ட்ஸ் என்பவர் முன்னின்று 'கிராஷ்' என்ற பெயரில் ஒரு பரிசோதனை நடத்தினார். 49 நாடுகள், 239 ஆஸ்பத்திரிகள், 10,008 நோயாளிகள். எல்லோருக்கும் ஒரே பாரம், அதுவும் சின்னப் பாரம், அவசர வார்டில் நின்றபடியே நிரப்பக்கூடியது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் ஊசி.

விடை வந்தபோது டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மருந்து போடப்பட்டவர்களில் 21.1 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். வெறும் ஊசி போட்டவர்களில் 17.9 சதவீதம். மருந்து காப்பாற்றவில்லை, கொன்றது! 2004-ல் பரிசோதனையைப் பாதியிலே நிறுத்தினார்கள். வித்தியாசம் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம். எந்தத் தனி டாக்டரின் கண்ணுக்கும் தெரியாத வித்தியாசம். தன் வார்டில் மாதம் பத்துப் பேரைப் பார்க்கிறவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆனால் முப்பது ஆண்டு, உலகம் முழுதும் என்று பெருக்கிப் பாருங்கள்.

அதே கோஷ்டி 2019-ல் வெளியிட்ட இன்னொரு பரிசோதனை 12,737 பேரைப் பற்றியது. ரத்தப்போக்கை நிறுத்தும் விலை மலிவான ஒரு மருந்து, அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், மிகக் கடுமையாக அடிபடாதவர்களில் மண்டைக்காயத்தால் வரும் சாவைக் குறைக்கிறது என்று கண்டார்கள். அடிபட்ட நேரத்தை எண்ணித்தான் அந்த மருந்து. நமது பதிவேட்டில் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் இருக்கும். அடிபட்ட நேரம்? 'இன்று மாலை' என்று இருக்கும். மாலை என்பது நாலு மணியா ஏழு மணியா? மூன்று மணி நேரக் கணக்கில் அதுவே உயிருக்கும் சாவுக்கும் நடுவிலுள்ள தூரம்.

பணக்கார நாடுகள் இந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டன. அமெரிக்காவில் நரம்பியல் நோய்களுக்கான தேசிய ஸ்தாபனம், ராணுவ இலாகா முதலியவை கூடி, மூளைக்காய ஆராய்ச்சியில் எல்லோரும் ஒரே பெயரில் ஒரே விதமாய் எழுதவேண்டிய 'பொதுத் தரவுக் கூறுகள்' என்பதை 2010-ல் வெளியிட்டன. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் குண்டு வெடித்து மூளை கலங்கித் திரும்பிய சிப்பாய்கள் இல்லாதிருந்தால் ராணுவத்துக்கு இந்த அக்கறை வந்திருக்குமா என்பது வேறு விஷயம். ஐரோப்பாவில் 2014 முதல் 2017 வரை 18 நாடுகளில் 4,509 நோயாளிகளை ஒரே முறையில் பதிவு செய்தார்கள். அமெரிக்கப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது இன்னொரு உண்மையும் வெளிவந்தது. 'லேசான' மூளைக்காயம் என்று பெயர் போட்டு வீட்டுக்கு அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு ஓராண்டு கழிந்தும் ஏதோ ஒரு தொல்லை நீடித்தது. மறதி, தலைவலி, எரிச்சல், வேலையில் மனம் நிற்காமை. 2025-ல் 14 நாட்டு நிபுணர்கள் கூடி, லேசு, நடுத்தரம், கடுமை என்ற மூன்று சொற்களே போதாது, வேறு முறை வேண்டும் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

தொழிலாளிக்கு இது தெரியவேண்டும். 'லேசான காயம்' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதைக் காட்டித்தான் கம்பெனி வக்கீல் நாளைக்கு, "இவன் நடிக்கிறான்" என்று வாதாடப்போகிறார்.

இங்கே பாரம் எந்த வாயில் பேசும்?

அமெரிக்கப் பாரத்தை அப்படியே அச்சடித்து நம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் காரியம் முடிந்துவிடுமா? முடியாது. இங்கேதான் நாம் உஷாராக இருக்கவேண்டும்.

முதலாவது பாஷை. திருப்பூரிலும் ஓசூரிலும் சென்னையைச் சுற்றியும் சாரத்தில் நிற்கிறவர்களில் பெரும்பகுதி ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தோழர்கள். அவனிடம் டாக்டர் தமிழில், "இது என்ன ஊர்? என்ன வருஷம்?" என்று கேட்கிறார். அவன் ஒரியாவில் ஏதோ முனகுகிறான். 'குழறுகிறான்' என்று 4 போடுவதா, 'பொருந்தாத சொல்' என்று 3 போடுவதா? மூளை கலங்கிவிட்டதா, பாஷை புரியவில்லையா? ஒரு எண் குறைந்தால் வைத்தியமே மாறுகிறது. எந்தப் பாஷையில் கேட்டது, பெயர்த்துச் சொல்ல ஆள் இருந்ததா என்ற ஒரு கட்டம் நமது பாரத்தில் இருக்கவேண்டும். கிளாஸ்கோவில் அது அவ்வளவு பெரிய பிரச்னை அல்ல. நமக்கு அது தினப்படிப் பிரச்னை. அதோடு மூன்று எண்களையும் தனித்தனியே எழுதவேண்டும். கூட்டுத்தொகை மட்டும் எழுதினால் எது குறைந்தது என்பது மறைந்துபோகும். தொண்டையில் குழாய் போட்டவன் பேச முடியாது. அவனுக்குப் பேச்சு 1 என்று போட்டால் அது பொய்க்கணக்கு.

இரண்டாவது சாராய வாடை. மண்டையில் அடிபட்டவன் தள்ளாடுவான், வாய் குழறுவான், வாந்தி எடுப்பான், திட்டுவான். பார்த்தால் குடித்தவன் மாதிரிதான் இருப்பான். 'மூச்சில் மது வாடை' என்று பதிவேட்டில் ஒரு வரி ஏறிவிட்டால் என்ன ஆகும்? குடிபோதையே விபத்துக்கு நேர்க்காரணம் என்றால், சாவும் முழு நிரந்தர ஊனமும் தவிர மற்றக் காயங்களுக்கு முதலாளி நஷ்டஈடு தரவேண்டியதில்லை என்று சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு. இன்ஷூரன்ஸ்காரர் அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் கோடு போட்டுக் கோர்ட்டில் நீட்டுவார். குடித்துவிட்டு வேலைக்கு வரலாம் என்று நாம் சொல்லவில்லை. ரத்தம் எடுத்துச் சோதித்தால் அளவை எழுதட்டும். சோதிக்காவிட்டால் 'சோதிக்கவில்லை' என்று எழுதட்டும். மூக்கை அளவுகோலாக வைத்து ஒருவன் குடும்பத்தின் சோற்றைப் பறிக்கவேண்டாம்.

மூன்றாவது ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாற்றுவது. தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து ஜில்லா தலைமை ஆஸ்பத்திரி, அங்கே சி.டி. ஸ்கேன் எடுத்து மறுபடி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. மூன்று இடத்திலும் மூன்று நம்பர். முதல் ஆஸ்பத்திரியில் 13 இருந்த எண் மூன்றாம் ஆஸ்பத்திரியில் 7 ஆனதா, வழியில் எத்தனை மணி நேரம் போயிற்று, ஒரே ஆள் மூன்று ஆளாகக் கணக்கில் ஏறினானா என்று சொல்ல வழியில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் பணம் தீர்ந்ததும் உறவினர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால், ஆஸ்பத்திரிக் கணக்கில் அவன் செத்தவன் அல்ல. 'கேட்டுப் பெற்றுச் சென்றவர்.' மூன்றாம் நாள் வீட்டுத் திண்ணையில் உயிர் போகிறது. எந்தப் புத்தகத்திலும் அது ஏறுவதில்லை.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிடுவோம். ஒன்றுமே நடக்கவில்லை என்பதல்ல. தமிழ்நாட்டில் விபத்து, அவசர சிகிச்சைக்கென்று தனித் திட்டம் வந்தது. வந்தவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் முறையும் காயப் பதிவேடும் அதனோடு வந்தன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைச் சர்க்கார் ஏற்கும் என்றது. 2025 மே மாதத்தில் மத்திய சர்க்காரும் ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை என்று ஒரு திட்டம் அறிவித்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து, போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் ஆகிய நாலு இலாகாக்களும் ஒரே விபத்தை ஒரே இடத்தில் பதியும் ஏற்பாட்டைச் செய்தன. 2021-ல் அதைச் சோதித்துப் பார்த்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வரவேற்கிறோம்.

ஆனால் எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி படியுங்கள். சாலை, சாலை, சாலை! மண்டைக்கு என்ன தெரியும், தார் ரோட்டில் மோதினோமா, கான்கிரீட் தளத்தில் மோதினோமா என்று? சாலையில் உடைந்த மண்டைக்குத் தனியார் ஆஸ்பத்திரியிலும் சர்க்கார் பணம் கட்டும். சாரத்திலிருந்து விழுந்து உடைந்த மண்டைக்கு இந்தத் திட்டங்களில் இடமில்லை. காண்டிராக்டர் கட்டவேண்டும். காண்டிராக்டர் எங்கே? போன் எடுக்கமாட்டார். பிறகு 48 மணி, ஏழு நாள் என்று வரம்பு. மூளைக்காயம் ஏழு நாளில் ஆறுகிற புண்ணா? பேச்சுப் பழக்க, கை கால் பழக்க, மறந்த வேலையைத் திரும்பப் பழக்க மாதக்கணக்கு ஆகும். அந்த மாதங்களின் கணக்கை யாரும் எடுப்பதில்லை. கணக்கு இல்லாத இடத்தில் பட்ஜெட்டில் ரூபாயும் இல்லை.

வேலைக்குப் போகிற வழியா?

நஷ்டஈட்டுச் சட்டம் 1923-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அந்த நாலு தொகுப்புகளைப் பற்றி நமக்குள்ள எதிர்ப்பை இந்தப் பத்தியில் பலமுறை எழுதியாயிற்று. இங்கே மறுபடி எழுத இடமில்லை. ஆனால் அதற்குள் ஒரு வாசகம் இருக்கிறது, அதை நாம் பிடித்துக்கொள்ளவேண்டும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேர்ந்த விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிலைநாட்டப்பட்டால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்பது அது.

காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனவரை லாரி தட்டியது. சாலை விபத்துப் பாரத்தில் வண்டி நம்பர் ஏறும், ஹெல்மெட் உண்டா இல்லையா ஏறும். 'வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாரா? எந்தக் கம்பெனி? என்ன ஷிப்டு?' என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து அதை நிரூபிக்க, நினைவு தப்பிய ஆளைக் கோர்ட்டில் நிறுத்தவா முடியும்? அடிபட்டவனுக்கே அடிபட்ட நேரம் ஞாபகம் இராது. மூளைக்காயத்தின் குணமே அது. அன்றைக்கே காகிதத்தில் ஏறியிருந்தால் அந்தக் காகிதம் அவனுக்காகப் பேசும்.

எழுதப்போவது யார் என்ற கேள்வியையும் மறைக்கவேண்டாம். ராத்திரி ஒரு மணிக்கு முப்பது கட்டிலுக்கு ஒரு நர்ஸ் நிற்கிற வார்டில் நாற்பது பக்கப் பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தச் சகோதரி என்ன செய்வார்? விடியற்காலையில் உட்கார்ந்து எல்லாக் கட்டத்திலும் 15 போட்டு நிரப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பொய்யான முழுக்கணக்கைவிட மெய்யான அரைக்கணக்கு மேல். அமெரிக்காக்காரர்களே தங்கள் பட்டியலில் அவசியமான சிறு பகுதியை முதலில் பிரித்துத்தான் வைத்தார்கள். நமக்கு ஒரு பக்கம் போதும். அடிபட்ட நேரம், இடம், வேலையா இல்லையா, முதலாளி யார், மூன்று எண், கண்மணி, ஸ்கேன் எடுத்த நேரம், ஆறாம் மாதம் ஆளின் நிலை. அதை எழுத ஒவ்வொரு விபத்துப் பிரிவிலும் மூன்று ஷிப்டுக்கும் நிரந்தர ஊழியர் வேண்டும். ஏஜென்சி மூலம் பிடித்து, பதினோரு மாதத்தில் கழற்றிவிடுகிற ஆள் அல்ல. கிராமத்துச் சுகாதார நர்சும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரும் வீடு வீடாய்ப் போகிற மாநிலம் இது. அந்த ஆறாம் மாதக் கேள்வியைக் கேட்க, கூலி கொடுத்தால், ஆள் இல்லாமல் போகாது.

இன்னொரு பயமும் உண்டு. இந்தக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியதும் அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ மருந்துக் கம்பெனிக்கோ விற்றுவிட்டால்? மண்டையில் அடிபட்ட சரித்திரம் உள்ளவன் என்று தெரிந்தால் எந்தக் கம்பெனி வேலைக்கு எடுக்கும்? ஆகவே பெயரில்லாத எண்ணிக்கை ஊருக்கெல்லாம் தெரியட்டும், ஜில்லாவாரியாக, தொழில்வாரியாக, ஆண்டுதோறும் அச்சிட்டு சட்டசபை மேஜையில் வைக்கட்டும். பெயருள்ள பதிவு நோயாளிக்கும் வைத்தியருக்கும் மட்டும். நோயாளி கேட்டால் முழுக் காப்பியும் இனாமாய், தமிழில்.

இந்தக் கோரிக்கைகளை மாவட்டச் சங்கங்கள் கலெக்டரிடமும் ஆஸ்பத்திரி டீனிடமும் மனுவாகக் கொடுக்கவேண்டும். பாரம் அச்சாகி வரும் வரை காத்திருக்கவேண்டிய அவசியமும் இல்லை. கட்டடத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் ஒவ்வொரு வேலைத்தலத்திலும் இரண்டு பேரை முன்கூட்டியே குறித்துவையுங்கள். யாராவது விழுந்தால் மேஸ்திரியோடு ஆம்புலன்ஸில் அவர்களில் ஒருவர் ஏறவேண்டும். விழுந்த நிமிஷத்தைக் கைக்கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். விழுந்தவுடன் பேசினானா, கண் திறந்தானா, எப்போது பேச்சு நின்றது என்பதைக் கவனித்து டாக்டரிடம் சொல்லவேண்டும். அது வைத்தியத்துக்கே பெரிய உதவி. வேலைத்தலத்தின் முகவரி, எத்தனையாவது மாடி, காண்டிராக்டர் பெயர், பிரதான கம்பெனியின் பெயர் எல்லாவற்றையும் சொல்லி, 'வேலை செய்யும்போது' என்ற சொல்லை எழுதச் சொல்லவேண்டும். ஏ.ஆர். நம்பரை வாங்காமல் வாசலைத் தாண்டக்கூடாது. வெளிமாநிலத் தோழர் என்றால் அவர் பாஷை தெரிந்த கூட்டாளி ஒருவரும் கூடவே போகவேண்டும், ராத்திரி எத்தனை மணியானாலும்.